சத்தம் வராத சோதனைக்கூடம்

அவருடைய சோதனைக்கூடத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு விபத்துகூட நடக்கவில்லை. இதை அவரே சொல்வார். யாரும் கேட்காதபோதும் சொல்வார். சொல்லிவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்து, கெட்டி அட்டை போட்ட விபத்துப் பதிவேட்டை எடுத்து, அதன் வெற்றுப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டுவார். எதுவும் எழுதப்படாத ஒரு நோட்டை அத்தனை பெருமையோடு பிறருக்குக் காட்டிய மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஐம்பதுகளின் நடுவில், பி.எஸ்ஸி. முடித்த கையோடு, கன்னட நாட்டில், ஆஸ்டின் டவுனை ஒட்டிய ஒரு தமிழ் உயர்நிலைப் பள்ளியில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்தேன். மில் தொழிலாளிகள், தையல்காரர்கள், ராணுவக் குடியிருப்புகளில் சமையல் வேலை பார்த்தவர்கள் ஆகியோரின் பிள்ளைகள் படித்த பள்ளி அது. அவர் அங்கே ரசாயன ஆசிரியர். நான் அவருக்குக் கீழே. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இரக்கத்தால் அல்ல. பெயரை எழுதிவிட்டால் அது ஒரு தனி மனிதரின் குறையாகச் சுருங்கிவிடும். அவரை ஒத்தவர்களை நான் பிற்பாடு வேலை பார்த்த எல்லா நிறுவனங்களிலும் சந்தித்திருக்கிறேன். பெரும்பாலும் என்னைவிட உயர்ந்த நாற்காலிகளில்.

செய்முறை வகுப்பின்போது அவர் நிற்கும் இடம் வாசற்படி. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வராந்தாவில். மூக்கருகே நான்காக மடித்த வெள்ளைக் கைக்குட்டை. அங்கிருந்தபடியே சொல்வார்: "பாதுகாப்பு முன்னால, பாடம் பின்னால." நான்கு ஆண்டுகளில் இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அவர் அதை உண்மையாகவே நம்பினார். யாருடைய பாதுகாப்பு என்ற கேள்விதான் அவருக்குள் எழவேயில்லை.

லிட்மஸ் தாளை எட்டாக வெட்டுவார். பெரிய துண்டாக இருந்தால் பிள்ளைகள் விளையாடுவார்கள் என்பது காரணம். அந்தத் துண்டு நகக்கண்ணளவு இருக்கும். அது சிவந்ததா நீலமானதா என்பதை வாசற்படியிலிருந்து அவர் சொல்ல, வகுப்பு எழுதிக்கொள்ளும். அமிலப் புட்டிகளின் பெயர்ச்சீட்டுகளைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார். பெயரைப் படித்தால் தொடும் ஆசை வருமாம். எந்தப் புட்டியில் என்ன இருக்கிறது என்று தெரியாமலிருப்பதே பாதுகாப்பு என்று கருதிய ஒரே ரசாயன ஆசிரியர் அவராகத்தான் இருக்க முடியும். சோதனைக்கூடத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. அதன் திருகைக் கழற்றித் தன் இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருந்தார். தண்ணீர் சிந்தினால் தரை வழுக்குமல்லவா?

சோடியம் என்ற உலோகம் எங்கள் பள்ளியில் மண்ணெண்ணெய்ப் புட்டியைவிட்டு வெளியே வந்ததே இல்லை. மாணவர்கள் வரிசையாக வந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, புட்டியை எட்ட நின்று ஒரு முறை பார்த்துவிட்டுத் தங்கள் இடத்துக்குத் திரும்பி, சோடியம் நீரின் மேல் சீறிக்கொண்டு ஓடியது என்று எழுதினார்கள். கோயில் கருவறையைக்கூட அந்தப் பிள்ளைகள் அத்தனை தூரத்தில் நின்று பார்த்திருக்கமாட்டார்கள்.

அவருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி சத்தம். சோதனைக்கூடத்துக்கும் தலைமையாசிரியர் அறைக்கும் நடுவே ஒற்றைச் சுவர். தங்கவயல் பக்கம் முன்பு வேலை பார்த்த பள்ளியில் ஏதோ ஒரு சோதனைக் குழாய் வெடித்து, அதற்காக அவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்களாம். யாருக்கும் காயமில்லை, ஆனாலும் அந்தக் கடிதத்தை அவர் மறக்கவில்லை. இதை நான் நியாயத்துக்காகக் குறிப்பிடுகிறேன். அச்சம் யாருக்கும் வரலாம். தன் அச்சத்தை ஒழுங்குமுறை என்று பெயர் மாற்றி நாற்பது பிள்ளைகள் மேலும் ஒரு கடைநிலை ஊழியர் மேலும் சுமத்துகிறவரை நான் மன்னிக்கவில்லை.

ரசாயனம் படிக்காதவர்களுக்காக ஒன்றை விளக்க வேண்டும். ஹைட்ரஜன் வாயுவைத் தயாரிக்க, இரண்டு கழுத்துள்ள கண்ணாடிப் புட்டியில் துத்தநாகத் துண்டுகளைப் போட்டு, நீர்த்த கந்தக அமிலத்தை ஊற்றுவோம். வாயு ஒரு வளைகுழாய் வழியே வெளிவரும். அதைக் கொளுத்தினால் நிறமற்ற மெல்லிய சுடராக எரியும். ஆனால் தொடக்கத்தில் புட்டிக்குள் காற்றும் கலந்திருக்கும். அந்த நிலையில் கொளுத்தினால் நெருப்பு குழாய் வழியே உள்ளே பாய்ந்து புட்டியே வெடிக்கும். ஆகவே முதலில் ஒரு சிறு சோதனைக் குழாயில் வாயுவைப் பிடித்து, தொலைவில் எரியும் விளக்கருகே கொண்டுபோக வேண்டும். காற்று கலந்திருந்தால் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். மறுபடி பிடிக்க வேண்டும், மறுபடி காட்ட வேண்டும். சத்தம் குறைந்து குறைந்து அமைதியாக எரியும்போதுதான் வளைகுழாயின் முனையில் நெருப்பு வைக்கலாம். அந்தச் சின்னச் சத்தம்தான் எச்சரிக்கை.

எச்சரிக்கையைத்தான் அவர் தடை செய்திருந்தார். சத்தம் வரும் எதையும் செய்யக்கூடாது. புட்டியில் குமிழி வருவதைக் காட்டியதும் ஜன்னலைத் திறக்கச் சொல்லிவிட்டு வகுப்பை முடித்துவிடுவார். பிறகு ரிகார்டு நோட்டுக்கான வாசகத்தைச் சொல்லச் சொல்ல, நாற்பது பேனாக்களும் எழுதும்: "வாயுவைச் சோதனைக் குழாயில் சேகரித்துச் சுடரருகே காட்டினோம். 'பாப்' என்ற ஒலி கேட்டது. ஒலி அடங்கும்வரை திரும்பத் திரும்பச் செய்தோம்." அந்த வாசகம் பிழையற்றது, அழகானதும்கூட. அதில் ஒரு சொல்லும் நடக்கவில்லை.

நாற்பது நோட்டுகளில் இருபதில் அவர் கையெழுத்திட்டார். மீதி இருபதை என்னிடம் தள்ளினார். நான் தயங்கியபோது, "எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தாம்மா. பிள்ளைங்க மார்க்கைக் கெடுக்கப் போறீங்களா?" என்று கேட்டார். நான் கையெழுத்திட்டேன்.

உண்மையில் அந்தச் சோதனைக்கூடத்தை நடத்தியவர் ஏழுமலை. அட்டெண்டர். நாற்பது வயதிருக்கும்; மனைவியும் மூன்று பெண்களும் ஆஸ்டின் டவுனில் ஓரறை வீட்டில் இருந்தார்கள். பதினைந்தாண்டு வேலை பார்த்தும் இன்னும் தற்காலிக ஊழியர்தான். நான்காம் வகுப்பைத் தாண்டாதவர். ஆயினும் அமிலத்தை எடுப்பதும் நீர்க்கச் செய்வதும் கருவிகளைப் பொருத்துவதும் கழுவுவதும் அவருடைய கைகள்தான். புட்டியைத் தொடாமல் வாசற்படியில் நின்று, "மெதுவா, மெதுவா, இன்னும் கொஞ்சம்" என்று கட்டளையிடுபவர் ஆசிரியர், தொடுபவர் ஏழுமலை. முன்பு அங்கே இருந்த ஓர் ஆங்கிலோ-இந்திய ஆசிரியரிடம் எல்லாவற்றையும் பார்த்துப் பழகியிருந்தார். ஒரு நாள் பிள்ளைகள் போனபிறகு என்னிடம் சொன்னார், அந்தக் காலத்தில் இந்த அறையில் தீபாவளி மாதிரி இருக்கும் என்று. "இப்ப பாருங்க டீச்சரம்மா, ஆசுபத்திரி வார்டு கணக்கா கீது."

பள்ளி ஆய்வாளர் வருவதாகக் கடிதம் வந்தது. எங்கள் பள்ளிக்கு மேல்வகுப்பு அறிவியலுக்கான அங்கீகாரத்தைப் புதுப்பிக்க வேண்டிய ஆண்டு அது. வெறும் குமிழியைக் காட்டி ஆய்வாளரை அனுப்ப முடியாது. அவர் உள்ளே நுழையும்போது ஹைட்ரஜன் சுடர் நின்று எரிய வேண்டும் என்று ரசாயன ஆசிரியர் தீர்மானித்தார். பன்னிரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக அந்த வாயு கொளுத்தப்படவிருந்தது.

அன்று ஆய்வாளர் குறித்த நேரத்துக்கு முன்னதாகவே வந்து, பக்கத்து அறையில் தலைமையாசிரியருடன் காபி குடித்துக்கொண்டிருந்தார். செய்தி வந்ததும் இங்கே பரபரப்பு. ஏழுமலை அப்போதுதான் அமிலத்தை ஊற்றியிருந்தார். பிள்ளைகள் பின்பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பக்கவாட்டு மேசையில், ஐந்தடி தூரத்தில்.

"சார், ஒரே ஒரு தபா டியூப்ல புடிச்சுப் பாத்துடறேன்" என்றார் ஏழுமலை. "இப்பதான ஊத்தினேன். உள்ள காத்து இருக்கும்."

"பக்கத்து ரூம்ல இன்ஸ்பெக்டர் உக்காந்திருக்காருப்பா. டப்புனு சத்தம் வந்தா என்ன நெனைப்பாரு? பத்த வை."

"ரெண்டு நிமிசம் சார்."

"பத்த வைன்னா பத்த வை."

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் வாய் திறந்திருக்க வேண்டும். பட்டம் பெற்ற எனக்கு அந்த ரசாயனம் தெரியும். ஏழுமலைக்குத் தெரிந்ததைவிட நன்றாகத் தெரியும். மேலதிகாரியை மாணவர் முன்னால் மறுத்துப் பேசுவது முறையா என்று நான் எண்ணி முடிப்பதற்குள் தீக்குச்சி குழாய் முனையைத் தொட்டுவிட்டது.

அந்த ஓசையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கண்ணாடியும் அமிலமும் ஏழுமலையின் முகத்தில் தெறித்தன. அவர் கூச்சலிடவில்லை; இடது கண்ணைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். அங்கே குழாய் இருந்தது, திருகு இல்லை. நான் வராந்தாவுக்கு ஓடி, பிள்ளைகளின் குடிதண்ணீர்ப் பானையைத் தூக்கி வந்து அவர் முகத்தில் ஊற்றினேன். ஒரு பானை தீர்ந்து இரண்டாவது பானையையும் பையன்கள் கொண்டுவந்தார்கள். அந்த நேரம் முழுவதும் ஆசிரியர் வராந்தாவில் நின்றார். இப்போது இரண்டு காலும் வராந்தாவில் இருந்தன. இழுப்பறைச் சாவி அவர் கோட்டுப் பையில்தான் இருந்தது.

பின்வாசல் வழியாக ஏழுமலையைக் கூட்டிச் சென்று ஒரு ஜட்கா வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனேன். முன்வாசலில் என்ன நடந்தது என்பதைத் தலைமையாசிரியர் பிற்பாடு சொன்னார். என்ன சத்தம் என்று ஆய்வாளர் கேட்டாராம். ஒரு பாட்டில் கைதவறிக் கீழே விழுந்துவிட்டது என்று ரசாயன ஆசிரியர் பதில் சொன்னாராம். பிறகு ஆய்வாளரிடம் விபத்துப் பதிவேட்டின் வெற்றுப் பக்கங்களைக் காட்டினாராம். அங்கீகாரம் புதுப்பிக்கப்பட்டது.

ஒன்பதாம் நாள், ஏழுமலை கண்கட்டோடு வீட்டில் படுத்திருக்கையில், பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஆசிரியர் ஒரு கடிதம் எழுதினார். தட்டெழுத்தில் அடித்த ஆங்கிலக் கடிதம். வாயுவின் தூய்மையைச் சோதிக்கும் முறை இந்தப் பள்ளியில் ஒழுங்காகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. நாற்பது மாணவர்களின் ரிகார்டு நோட்டுகளே சாட்சி. இரண்டு ஆசிரியர்களின் கையொப்பமும் உள்ளது. அட்டெண்டர் அம்முறையைப் பின்பற்றாமல் தன்னிச்சையாகக் கொளுத்தினார். பிள்ளைகளின் பாதுகாப்பைக் கருதி அவரை வேலையிலிருந்து நீக்குவது நலம். கடிதத்தோடு நாற்பது நோட்டுகளையும் கட்டி அனுப்பியிருந்தார். கட்டின் மேலே இருந்தவை என் கையெழுத்திட்ட இருபது நோட்டுகள்.

ஒரு மனிதரின் கண்ணைப் பறித்துவிட்டு, அவர் சோற்றையும் பறிக்க, செய்யாத சோதனையின் நேர்த்தியான வர்ணனையைச் சான்றாக அனுப்பியவர் அவர். இதைத் திட்டமிட்ட கொடுமை என்றுகூட நான் சொல்லமாட்டேன். கொடுமை செய்யக் கொஞ்சம் துணிவாவது வேண்டும். அவர் வெறுமனே தன் பதிவேடு வெள்ளையாக இருக்க வேண்டும் என்று விரும்பினார்; அதற்கு நடுவே ஒரு மனிதர் நின்றுவிட்டார், அவ்வளவுதான்.

அந்த வாரம் நான் தூங்காமல் யோசித்தது ஒன்றைப் பற்றித்தான். நோட்டுகள் பொய் என்று சொன்னால் ஏழுமலையின் வேலை தப்பலாம். ஆனால் நாற்பது பிள்ளைகளின் செய்முறை மதிப்பெண் என்னவாகும்? தையல்காரர் மகள் ஸ்டெல்லா நர்ஸ் பயிற்சிக்குப் போக அந்த மதிப்பெண்ணை நம்பியிருந்தாள். சொல்லாவிட்டால் ஏழுமலையின் மூன்று பெண்கள். கணக்கிட்டுப் பார்த்தேன்: தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தது. எல்லாச் சோதனைகளையும் நிஜமாகச் செய்து, நோட்டுகளைப் புதிதாக எழுத ஏழு வாரம் போதும். செய்து முடிக்க மனமிருந்தால்.

நிர்வாகக் குழுத் தலைவர் அல்சூரில் சோடா பேக்டரி வைத்திருந்தவர். வாயுவும் அமிலமும் வெடிக்கும் பாட்டிலும் அவருக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். விசாரணையைச் சனிக்கிழமை பிற்பகல் சோதனைக்கூடத்திலேயே வைத்துக்கொண்டார். தலைமையாசிரியர், ரசாயன ஆசிரியர், நான், இடது கண்ணில் கட்டோடு ஏழுமலை. வகுப்பின் சார்பாக ஸ்டெல்லாவையும் வரச் சொல்லியிருந்தார்.

கடிதத்தைத் தலைமையாசிரியர் தமிழில் சொல்லி முடித்ததும் தலைவர் நோட்டுக் கட்டை ஒதுக்கி வைத்தார். "வாத்தியாரே, நான் அவ்ளோ படிச்சவனில்ல. எங்க பேக்டரில மாசத்துக்கு ரெண்டு பாட்டில் வெடிக்கும். வெடிச்சா ரெண்டு கேள்விதான் கேப்பேன். எவன் பாட்டில் மேல ஈரச் சாக்கு போடல? எவன் அவனைப் போடவிடாம ஜல்தி பண்ணான்?"

ஆசிரியர் விபத்துப் பதிவேட்டை நீட்டினார். பன்னிரண்டு ஆண்டுகள் என்று தொடங்கினார். தலைவர் அதைப் புரட்டினார்.

"இதுல ஒண்ணும் எழுதக்காணமே. அப்ப அன்னிக்கு வெடிக்கலயா?"

"அது அட்டெண்டரோட கவனக்குறைவு சார். விபத்துங்கற வகையில சேராது."

"சரி. அது அவன் கண்ணுக்குத் தெரியுமா?"

தலைமையாசிரியர் இருமினார். நான் எழுந்து, அந்த நோட்டுகளில் இருபதில் உள்ள கையெழுத்து என்னுடையது என்றும், அவற்றில் எழுதப்பட்டுள்ள ஒலியை நானும் கேட்டதில்லை, பிள்ளைகளும் கேட்டதில்லை என்றும், அன்று ஏழுமலை சோதித்துப் பார்க்க அனுமதி கேட்டு மறுக்கப்பட்டதை நான் கேட்டேன் என்றும் சொன்னேன். தேர்வுக்கு முன் எல்லாவற்றையும் மறுபடி செய்யவைக்க நான் பொறுப்பேற்கிறேன் என்றும் சொன்னேன்.

"அனுபவமில்லாத பொண்ணு சார்" என்றார் ஆசிரியர், மிகவும் பரிவோடு. "பயந்துபோயிருக்கு. ரிகார்டு பொய் சொல்லுமா?"

தலைவர் ஸ்டெல்லாவை அழைத்தார். "பாப்பா, இந்தச் சத்தம் எப்படிம்மா இருக்கும்?"

"'பாப்'னு இருக்கும் சார்."

"பெருசாவா, சின்னதாவா?"

ஸ்டெல்லா ஆசிரியரைப் பார்த்தாள், பிறகு என்னை. "அது ரிகார்டுல எழுதல சார்" என்றாள்.

சிரிக்க யாருக்கும் தோன்றவில்லை. தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஸ்வல்ப சுலபமா முடிச்சுக்கலாம் வாத்தியாரே. பன்னெண்டு வருசமா நீங்க சொல்லிக்குடுத்த சோதனை. ஒரு தபா நீங்களே செஞ்சு காட்டிடுங்க. சரியா செஞ்சா உங்க லெட்டர்ல நான் கையெழுத்துப் போடறேன். ஏழுமலை நாளையிலிருந்து வரவேணாம்."

ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியருக்கு மறுக்க வழியில்லை. நான் கருவியைப் பொருத்தினேன். வளைகுழாயின் முனை தண்ணீர்த் தொட்டிக்குள். தொட்டியில் கவிழ்த்து நிறுத்திய சோதனைக் குழாய். எட்டடி தள்ளி ஒரு மெழுகுவத்தி. தலைவர் தன் காரிலிருந்து ஒரு சாக்கைக் கொண்டுவரச் சொல்லி, நனைத்துப் புட்டியைச் சுற்றினார். அமிலத்தையும் நான்தான் ஊற்றினேன். ஆசிரியர் கைக்குட்டையைக் கோட்டுப் பைக்குள் வைத்துவிட்டு, நான்கு ஆண்டுகளில் முதன்முறையாக நான் பார்க்க, மேசையருகே வந்தார்.

குமிழிகள் ஏறிச் சோதனைக் குழாயை நிரப்பின. அவர் குழாயைத் தண்ணீரிலிருந்து எடுத்தார். எடுத்து, பால் டம்ளரைப் பிடிப்பதுபோல வாயை மேல்நோக்கித் திருப்பி, சிந்திவிடுமோ என்ற கவனத்தோடு, மெல்ல மெல்ல எட்டடி நடந்தார்.

ஹைட்ரஜன் காற்றைவிட எடை குறைந்தது. குழாயைக் கவிழ்த்துப் பிடித்தால்தான் தங்கும். நிமிர்த்தினால் மறுகணமே மேலே பறந்துவிடும். அவருடைய ரிகார்டு வாசகத்தின் முதல் பக்கத்தில், வாயுவின் பண்புகள் என்ற தலைப்பின் கீழ், முதல் வரியே அதுதான். அவர் மெழுகுவத்தியிடம் போய்ச் சேர்ந்தபோது கையிலிருந்தது வெறும் காற்று. சுடரருகே காட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா சார்? சத்தமே இல்ல. சுத்தமான வாயு." வளைகுழாயைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்தார். தீப்பெட்டியை எடுத்தார். குச்சியை உரசினார்.

நான் குரல் கொடுத்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எனக்கு முன்னால் ஏழுமலை மேசையைச் சுற்றி வந்துவிட்டார். எரியும் குச்சியைத் தன் விரல்களாலேயே நசுக்கி அணைத்தார். ஆசிரியரின் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, இத்தனை வருடங்களில் அவர் அந்த மனிதரிடம் பேசியிராத ஒரு குரலில், குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்:

"தலகீழா புடிக்கணும் சார். நிமித்தினா ஓடிப்பூடும். உங்களுக்கு இன்னா ஆவுறது இப்ப?"

தலைவர் எழுந்துவிட்டார். "நீ செய்யிப்பா" என்றார்.

ஏழுமலை குழாயை நிரப்பி, கட்டைவிரலால் அடைத்து, கவிழ்த்தபடியே கொண்டுபோய்ச் சுடரில் காட்டினார். சாட்டை சொடுக்கியதுபோல ஓர் ஓசை. ஸ்டெல்லா துள்ளிவிட்டு, உடனே வெட்கப்பட்டாள். இரண்டாம் முறை கொஞ்சம் குறைவு. மூன்றாம் முறை இன்னும். ஐந்தாவது குழாய் ஒரு பெருமூச்சைப்போல எரிந்து அடங்கியது. பிறகுதான் வளைகுழாய் முனையில் நெருப்பு வைத்தார். சுடர் நின்றது; கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும். அதன் மேலே ஒரு குளிர்ந்த தட்டைக் காட்டச் சொன்னேன். தட்டில் பனித்துளிகள் படிந்தன. ஸ்டெல்லா விரலால் தொட்டுப் பார்த்தாள். ஹைட்ரஜன் எரிந்து நீர் உண்டாகிறது என்று அவள் மூன்று முறை எழுதி, மூன்று முறை முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். "நெஜமாவே தண்ணிதான் மிஸ்" என்றாள்.

திரும்பிப் பார்த்தபோது ஆசிரியர் அறையில் இல்லை. முதல் சத்தத்துக்கு முன்பே வெளியே போய்விட்டிருந்தார்.

ஏழுமலை வேலையில் தொடர்ந்தார். அந்த மாதமே நிரந்தரமாக்கப்பட்டார். இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிந்தன. அதற்கு மேல் தேறவில்லை. இருந்த ஏழு வாரத்தில் நாற்பது பிள்ளைகளும் ஒவ்வொரு சோதனையையும் தங்கள் கையால் செய்தார்கள். மூன்று குழாய்கள் உடைந்தன, ஒரு பையனின் சட்டையில் ஓட்டை விழுந்தது, எல்லாமே பதிவேட்டில் எழுதப்பட்டன. ஸ்டெல்லாவுக்கு நர்ஸ் பயிற்சியில் இடம் கிடைத்தது. இந்தக் கணக்கில் வரவு வைக்க எனக்கு எதுவும் இல்லை. தீக்குச்சி குழாயைத் தொடுவதற்கு முன் நான் பேசியிருந்தால் ஏழுமலைக்கு இரண்டு கண்ணும் இருந்திருக்கும்.

ரசாயன ஆசிரியரை யாரும் தண்டிக்கவில்லை. ஓய்வு பெற நான்கு ஆண்டுகளே மீதியிருந்தன, குடும்பம் இருந்தது, சிபாரிசுகள் இருந்தன. ஒரே ஒரு நிபந்தனையைத்தான் தலைவர் போட்டார்: இனி எந்தச் சோதனையையும் ஆசிரியர் முதலில் தன் கையால் செய்த பிறகுதான் மற்றவர் தொடலாம்.

விசாரணையை அடுத்த திங்கட்கிழமை காலை அவர் என் மேசைக்கு வந்தார். முகத்தில் வெட்கமோ கோபமோ இல்லை. சரியாக உறங்கி எழுந்த மனிதரின் தெளிவு இருந்தது. அன்று தான் வேண்டுமென்றேதான் குழாயை நிமிர்த்திப் பிடித்ததாகவும், ஏழுமலை கவனிக்கிறானா என்று சோதித்துப் பார்த்ததாகவும், அவன் தேறிவிட்டதில் தனக்கு மகிழ்ச்சியே என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இந்த கெமிஸ்ட்ரியெல்லாம் இனிமே நீங்களே பாத்துக்கங்கம்மா. உங்களுக்கு வயசிருக்கு. எச்.எம். கிட்ட பேசிட்டேன். நான் வேற ஒண்ணு எடுத்துக்கறேன்."

மறுவாரத்திலிருந்து ஓய்வுபெறும் வரையில் அவர் எல்லா வகுப்புகளுக்கும் நீதிபோதனை நடத்தினார்.